ஒரே பெயரில் இரண்டு எண்ணெய்கள்

(மாதாந்திர மகளிர் நலக் கூட்டத்தில் அஸர் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரை)



தலைமுடியைப் பற்றி ஒரு கூட்டமா என்று சிலர் கேட்டீர்கள். முடி உள்ளவர் அதைப் பேணிக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஆகவே இது வீண் பேச்சு இல்லை. ஆனால் இந்தக் கூட்டத்தைப் போட வைத்தவை இந்த ஆண்டு நம் மத்தியிலேயே நடந்த இரண்டு சம்பவங்கள். முதலாவது எங்கள் தவறு. அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

தையல் வகுப்பில் இருக்கும் சகோதரிகளுக்கு மழைக்காலத்தில் வேலை குறைவு. அப்போது மூலிகை எண்ணெய் தயாரித்து விற்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. நாங்களும் சந்தோஷமாகச் சம்மதித்தோம். கைபேசியில் பார்த்த ஒரு செய்முறைப்படி, அரை லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ரோஸ்மேரி, புதினா, யூகலிப்டஸ் என்று மூன்று சிறு பாட்டில்களை அப்படியே கவிழ்த்தோம். வாசனை தூக்கியது. "நல்லா குளுகுளுன்னு இருக்கு, மருந்து வேலை செய்யுது" என்று எல்லோரும் சொன்னோம். பத்து நாள் கழித்து நான்கு பேர் வந்தார்கள். ஒருவருக்கு நெற்றியோரம் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. இன்னொருவருக்கு முக்காடு படும் காதுமடலுக்குப் பின்னால் கொப்புளம். விற்ற பாட்டில்களைத் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுத்தோம்.

பிறகு ஒரு தோல் மருத்துவரிடம் போய்க் கேட்டபோதுதான் கணக்குப் புரிந்தது. ஒவ்வொரு சிறு பாட்டிலும் 15 மில்லி. மூன்றும் சேர்ந்து 45 மில்லி. தலையில் வைத்து ஊற விடும் எண்ணெயில் இந்தத் தைலம் நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தால் போதும். அரை லிட்டருக்கு 5 மில்லி. நாங்கள் ஊற்றியது ஒன்பது மடங்கு!

ஏன் இப்படி ஆனது என்று யோசித்தால், அறிவுக் குறைவு மட்டும் காரணமில்லை. நம் பேச்சில் இருக்கும் ஒரு சொல்லும் காரணம். தைலம் என்கிறோம். நம் உம்மம்மாமார் காலத்து அரக்குத் தைலமும் தைலம்தான், சுக்குத் தைலமும் தைலம்தான். ஊட்டிக்குப் போய் வருகிறவர்கள் வாங்கி வரும் நீலகிரித் தைலமும் தைலம்தான். பெயர் ஒன்று. பொருள் வேறு, வேறு.

முதல் வகை, நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ மூலிகையைப் போட்டுக் காய்ச்சி இறக்குவது. பாட்டிலில் இருப்பதில் ஏறக்குறைய எல்லாமே சமையலறை எண்ணெய். மூலிகையின் சாரம் அதில் கொஞ்சம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான். உள்ளங்கை நிறைய எடுத்துத் தலையில் தப்பினாலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டாவது வகை வாலையில் வடிப்பது. பிரியாணியைத் தம் போட்டு மூடியைத் திறக்கும்போது மூடியின் அடியில் நீர் முத்து முத்தாக நிற்குமே, அதே வேலைதான். இலையையோ பூவையோ நீராவியில் வேக வைத்து, அந்த ஆவியைக் குளிர வைத்தால் தண்ணீரும் எண்ணெயும் தனித்தனியாகப் பிரியும். ரோஜாவை வடித்தால் கிடைக்கும் தண்ணீர்தான் நிக்காஹ் வீட்டில் தெளிக்கும் அசல் பன்னீர். அதன் மேலே மிதக்கும் சொற்ப எண்ணெய்தான் ரோஜாத் தைலம். ஒரு கிலோ ரோஜாத் தைலத்துக்கு ஏறத்தாழ மூன்று, நான்கு டன் இதழ்கள் வேண்டும் என்றால், அந்த ஒரு சொட்டில் எவ்வளவு பூ அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். கடைகளில் 'எசென்ஷியல் ஆயில்' என்று எழுதி விற்பது இந்த வகைதான். இதை அப்படியே தலையில் தேய்ப்பது, ஒரு கைப்பிடி மிளகாய் போட வேண்டிய குழம்பில் ஒரு மூட்டையைக் கொட்டுவது மாதிரி.

இனி இரண்டாவது சம்பவம். அந்தக் குழந்தையின் உம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறோம். அவர் இப்போது இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

மூத்த மகளுக்குப் பேன். மதரஸாவில் ஒரு பிள்ளைக்கு வந்தால் வரிசையாக எல்லாப் பிள்ளைக்கும் வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யூகலிப்டஸ் தைலத்தைத் தேங்காய் எண்ணெயில் கலந்து மகளின் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் திறந்தபடி பாயின் மேல் இருந்தது. இரண்டு வயதுச் சின்னவன் எடுத்து வாயில் கவிழ்த்துவிட்டான். இருமினான், வாந்தி எடுத்தான், கொஞ்ச நேரத்தில் கண் சொருகியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே வலிப்பு. இரண்டு ராத்திரி தீவிர சிகிச்சையில் இருந்தான். அல்ஹம்துலில்லாஹ், இப்போது நம் கூடத்தில்தான் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறான்.

ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு யூகலிப்டஸ் தைலமே பேராபத்து. அதைவிடக் குறைந்த அளவிலும் மயக்கமும் வலிப்பும் வந்திருக்கின்றன. கற்பூரத் தைலமும் அப்படியே. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடுகாட்டிக் குழந்தையின் உச்சியிலும் நெஞ்சிலும் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சளி கரையும் என்று நம்பித்தான் செய்கிறோம். ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குக் கற்பூரம், புதினா, யூகலிப்டஸ் மூன்றையும் தலையிலும் முகத்தருகிலும் வைக்கவே கூடாது. அதன் காரம் மூக்கில் ஏறினாலே சில குழந்தைகளுக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும். அகீகாவுக்கு முடி இறக்கிய பிள்ளையின் மொட்டைத் தலைக்கு வெறும் தேங்காய் எண்ணெயே போதும். அதையும் குறைவாகவே தடவுங்கள்.

பிள்ளை தைலத்தைக் குடித்துவிட்டால் என்ன செய்வது என்று அந்த உம்மா கேட்டார்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதையும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போது அந்தத் தைலம் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா மாதிரி ஆகிவிடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். 'பிள்ளை நல்லாத்தானே இருக்கான், பார்ப்போம்' என்று வீட்டில் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

வலிப்பு நோய் உள்ள பெரியவர்களும் கவனிக்க வேண்டும். யூகலிப்டஸும் கற்பூரமும் கலந்த தைலங்களைப் பூசியதற்கும் முகர்ந்ததற்கும் பிறகு வலிப்பு வந்தவர்களைப் பற்றித் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரோஸ்மேரியிலும் கற்பூரச் சத்து உண்டு. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் தன் மருத்துவரிடம் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் இதையே சொல்கிறோம்.

பேனுக்கு என்ன வழி என்றால், மெல்லிய பல் உள்ள பேன் சீப்புதான். தலையை ஈரமாக்கி, வெறும் எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, பிரித்துப் பிரித்து வார வேண்டும். மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை என்று இரண்டு வாரம் விடாமல் செய்தால் ஈரிலிருந்து புதிதாகப் பொரிந்து வருவதும் போய்விடும். பொறுமை இல்லாதவர்கள் மருந்துக்கடையில் 1 சதவீத பெர்மெத்ரின் கேட்டு வாங்கி, அதில் எழுதியபடி பயன்படுத்தி, ஒன்பது, பத்து நாள் கழித்து இன்னொரு முறை போடலாம். மண்ணெண்ணெய், மூட்டைப்பூச்சி மருந்து இவை தலைக்கு வரவே கூடாது. வீட்டில் உள்ள எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பேன் சுற்றிச் சுற்றி வரும்.

சரி, எல்லாம் ஆபத்து என்றால் இதில் பலனே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பேசப்படும் அளவுக்கு இல்லை.

ரோஸ்மேரியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். 2015-இல் ஈரானில் நடந்த ஆய்வு ஒன்றை எல்லோரும் சுட்டிக்காட்டுகிறார்கள். பரம்பரையாக வரும் வழுக்கை உள்ள 100 பேர். பாதிப் பேருக்கு ரோஸ்மேரி, பாதிப் பேருக்கு 2 சதவீத மினாக்சிடில் மருந்து. மூன்று மாதம் வரை இரண்டு பக்கமும் மாற்றமில்லை. ஆறாம் மாதத்தில் இரண்டு பக்கமும் முடி எண்ணிக்கை கூடியது. எதுவுமே போடாத ஒரு குழு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே அது நம்பிக்கை தரும் ஒரு தொடக்கம், அவ்வளவே. ஒரு மாதத்தில் அடர்த்தி என்று சொல்லும் காணொளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அதற்கு முன்பே, 1998-இல், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் புழுவெட்டு உள்ளவர்களுக்குத் தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், தேவதாரு வகைத் தைலம் நான்கையும் வேறு எண்ணெயில் கலந்து ஏழு மாதம் தினமும் தேய்த்துப் பார்த்தார்கள். தைலம் கலந்த எண்ணெய் தேய்த்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். வெறும் எண்ணெய் தேய்த்தவர்களிலும் 15 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். அந்தப் பதினைந்தை மறந்துவிடாதீர்கள். புழுவெட்டில் பல நேரம் முடி தானாகவே திரும்பும்.

பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் இதேதான். பேறு முடிந்து இரண்டு, மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். சீப்பைப் பார்த்து அழுகிற பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடி சேர்ந்து உதிர்வதுதான் அது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் பழையபடி வந்துவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முடி தானாகத் திரும்பும், பெயர் பாட்டிலுக்குப் போகும்!

பொடுகுக்குத் தேயிலை மரத் தைலம், அதாவது டீ ட்ரீ ஆயில், ஓரளவு உதவும். நாம் குடிக்கும் தேயிலைக்கும் இதற்கும் உறவில்லை, இது ஆஸ்திரேலிய மரம். 5 சதவீதம் கலந்த ஷாம்பூவை நான்கு வாரம் பயன்படுத்தியவர்களுக்குப் பொடுகு 41 சதவீதம் குறைந்ததாகவும், தைலம் இல்லாத ஷாம்பூ போட்டவர்களுக்கு 11 சதவீதம் குறைந்ததாகவும் 2002-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அது ஷாம்பூ, தேய்த்துச் சில நிமிடத்தில் அலசிவிடுவது. தலையிலேயே ஊற விடும் எண்ணெய்க்கு அந்த 5 சதவீதக் கணக்கை எடுக்காதீர்கள். இன்னொன்று, பொடுகை உண்டாக்கும் பூஞ்சை தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வளர்கிறது. பொடுகு உள்ள தலையில் எண்ணெயை அப்பி ராத்திரி முழுக்க வைத்தால் அதற்கு விருந்து வைத்த மாதிரி. மருந்துக்கடையில் கிடைக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பூ இதைவிட நன்றாகக் கேட்கும்.

முக்காடு போடுவதால் முடி கொட்டுகிறது என்று பள்ளிக்கூடங்களில் சிலர் நம் பிள்ளைகளிடம் சொல்கிறார்களாம். துணி முடியைக் கொட்ட வைக்காது. துணிக்கு அடியில் இறுக்கி இழுத்துக் கட்டும் கொண்டை கொட்ட வைக்கும். நெற்றியோர முடி பின்வாங்குவது பெரும்பாலும் அதனால்தான். ஈரத் தலையை அப்படியே சுருட்டி மூடுவதும் அரிப்பையும் நாற்றத்தையும் கொண்டுவரும். காலையில் அவசரம் என்றால் குளியலை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாம்பிராணிப் புகை காட்டி உலர்த்துவது நல்ல மணம்தான். ஆனால் வீட்டில் ஆஸ்துமா இருந்தால் வேண்டாம். தைலம் தேய்த்த முடியை நெருப்புக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது, தைலம் சட்டென்று பற்றும்.

இப்போது வீட்டில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம். அடித்தளம் தேங்காய் எண்ணெய். முடித்தண்டுக்குள் புகுந்து, கழுவும்போது முடியின் புரதம் வெளியேறுவதைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அது இல்லை என்று மும்பையில் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. உம்மம்மாமார் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். வெட்டிவேர், காய்ந்த ரோஜா மொக்கு, கரிசலாங்கண்ணி, கருஞ்சீரகம் எது வேண்டுமானாலும் ஒரு கைப்பிடி போட்டுச் சிறு தீயில் காய்ச்சுங்கள். பச்சிலை போட்டால் சடசடப்பு முழுக்க அடங்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் ஒரு வாரத்தில் சிக்கு வாடை வந்துவிடும். இந்த எண்ணெயிலேயே மணமும் இருக்கிறது, குணமும் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும் என்பது எங்கள் எண்ணம்.

சிறு பாட்டில் தைலமும் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், எண்ணெய் முழுக்க ஆறிய பிறகு சேருங்கள். அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் காசு ஆவியாகப் போகும், தீயும் பிடிக்கலாம். அளவு இதுதான்: ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு ஒரு சொட்டு. 100 மில்லிக்கு 20 சொட்டு. இரண்டு வகைத் தைலம் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து 20, தனித்தனியாக இருபது இல்லை. நாங்கள் சறுக்கியது அங்கேதான். முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு தடவி இரண்டு நாள் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது. எரிச்சல் என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லை. எலுமிச்சைத் தைலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் போனால் நெற்றி கறுத்துப் புண்ணாகலாம், அதை விட்டுவிடுங்கள். பழைய பாட்டில்களையும் சேர்த்து வைக்க வேண்டாம். டீ ட்ரீ, லாவெண்டர் போன்றவை காற்றுப்பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமையை அதிகம் உண்டாக்கும். நிறமடித்த கண்ணாடிப் பாட்டிலில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள்.

கருஞ்சீரக எண்ணெயைப் பற்றி மனம் புண்படாமல் ஒன்று சொல்ல வேண்டும். அதன் சிறப்பை ஹதீஸில் படித்திருக்கிறோம், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அதை அப்படியே தோலில் பூசிக் கொப்புளம் வந்தவர்கள் உண்டு. நல்ல உணவுகூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தேங்காய் எண்ணெயில் கலந்து, சோதித்துப் பார்த்துப் பயன்படுத்துங்கள். அத்தரைத் தலை எண்ணெயில் ஊற்றுவதையும் நிறுத்த வேண்டும். இன்று மலிவாக வரும் அத்தர்களில் பெரும்பாலும் செயற்கை வாசனைதான். அது துணிக்கு.

சில மார்க்கக் கேள்விகளும் வந்தன. எண்ணெய்த் தலையோடு ஒளுச் செய்யலாமா என்று கேட்டதற்கு, படலமாகப் படிந்து தண்ணீரைத் தடுக்காத எண்ணெயால் ஒளுவுக்குக் குறை இல்லை என்று ஹஜ்ரத் சொன்னார்கள். ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்கள் இஹ்ராம் கட்டிய பிறகு வாசனை எண்ணெய் தொடக் கூடாது என்பது தெரிந்ததே. ஆனால் ஷாம்பூவிலும் சோப்பிலும் உள்ள வாசனையை மறந்துவிடுகிறோம், பையில் அடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இத்தாவில் இருக்கும் சகோதரிகள் தலை வறண்டு சிரமப்பட்டால் எதைப் பூசலாம் என்பதை ஆலிமிடம் நேரில் கேட்டுக்கொள்வதே சரி.

எண்ணெய் விற்பனையை மறுபடி தொடங்கலாமா என்று தையல் வகுப்புச் சகோதரிகள் கேட்கிறார்கள். அவர்களின் வருமானம் எங்களுக்கும் கவலைதான். ஆனால் விற்பனைக்கு அழகுசாதனப் பொருள் தயாரிக்க உரிமம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2020-இல் வந்த விதிகளிலும் அது இருக்கிறது. அது தெரியாமல்தான் போன முறை இறங்கினோம். உரிமம் வாங்க முடியுமா என்று விசாரிக்கிறோம். அதுவரை காய்ந்த வெட்டிவேரையும் ரோஜா மொக்கையும் சுத்தம் செய்து பொட்டலம் கட்டி விற்கலாமா என்று யோசனை இருக்கிறது. அதற்கும் என்ன அனுமதி வேண்டும் என்று கேட்ட பிறகே தொடங்குவோம்.

கடைசியாக ஒன்று. முடி கொட்டுகிறது என்று எங்களிடம் வந்தவர்களில் பலரின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தாலும் முடி கொட்டும், தைராய்டு கெட்டாலும் கொட்டும். இதற்கு எந்த எண்ணெயும் போதாது. சிறு பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசே இல்லாமல் பார்க்கிறார்கள், இரும்புச்சத்து மாத்திரையும் தருகிறார்கள்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதக் கூட்டத்தில் இதே கூடத்தில் இரத்தப் பரிசோதனை வைத்திருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் போவதற்கு முன் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிடுங்கள். வரும்போது வீட்டில் இருக்கும் தைலப் பாட்டில்களையும் எடுத்து வாருங்கள். எது எந்த வகை என்று சேர்ந்து பார்த்து, பழசானதைப் பிரித்து வைப்போம். எங்களிடம் திரும்பி வந்த அந்த எண்ணெயில் பதினொரு பாட்டில்தான் இருக்கிறது. மீதி இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால் தயவு செய்து தலையில் வைக்காமல் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், பணம் தந்துவிடுகிறோம்.

வஸ்ஸலாம்.